வாயில் அடக்கிய பால்

எனக்கு உட்கார்ந்து பேச வராது. அதை முதல்லயே சொல்லிடறேன். போன வாரம் ஒரு பொண்ணு வந்துச்சு, சின்ன வயசு, விளையாட்டு டீச்சராம். அவுங்க பள்ளிக்கூடத்துல ‘வெல்னஸ் டே’ கொண்டாடறாங்களாம். மேடையில நாற்காலி போட்டு, சால்வை போத்தி, பத்து நிமிஷம் பேசச் சொல்லுவாங்களாம். “மேடம், அந்தக் காலத்துல பசங்க ஹெல்த்துக்கு நீங்க என்னெல்லாம் பண்ணீங்கன்னு சொல்லுங்க”ன்னுச்சு. நாற்காலின்ன உடனே நான் எழுந்து நடக்க ஆரம்பிச்சுட்டேன். வரலம்மா, எழுதி அனுப்பறேன்னு சொல்லிட்டேன். எழுதறதும் நான் இல்ல. நான் கூடத்துல குறுக்கயும் நெடுக்கயும் நடந்துகிட்டே சொல்றேன், எம் மருமவ எழுதறா. “அத்தே, எனக்குத் தலை சுத்துது, ஒரு இடத்துல நில்லுங்க”ன்னு இப்பவே ஒரு தரம் சொல்லிட்டா. நடக்கறது நானு, தலை சுத்தறது அவளுக்கா?

நான் திட்டக்குடி பக்கம். விவசாயக் குடும்பம். பொம்பளப் புள்ளைக்கு விசில் ஊதற உத்தியோகமான்னு எங்கப்பா தலையில அடிச்சுகிட்டாரு. மெட்ராசுல டிரெயினிங். ஜல்ஜல்னு ஆட்டற லெஜிம், டம்பெல்ஸ், மார்ச்சிங், கொஞ்சம் உடல்கூறு, கொஞ்சம் புரோட்டீன், வைட்டமின். அவ்ளோதான், அதுல வளத்த ஒண்ணும் இல்ல. முதல் வேலை சிதம்பரத்துல. அங்க வர்ற பொண்ணுங்க நல்லா சாப்ட்டுட்டு வரும். ஆனா குதிக்கக் கூடாது. ஸ்கிப்பிங் கயித்தை எடுத்தேன்னா எவளாவது ஒரு அம்மா கேட்டுல வந்து நிப்பா. “வயசுக்கு வரப்போற பொண்ணு டீச்சர், குதிச்சா வயிறு எறங்கிடும்.” நான் விடல. நானும் சேர்ந்து குதிச்சேன். எனக்கு எறங்கலியேன்னேன். “உங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆவலியே, எப்பிடித் தெரியும்?”ன்னு கேட்டா ஒருத்தி. 

அங்கேருந்துதான் கடலூருக்கு மாத்தினாங்க. ஓ.டி.ன்னு சொல்ற ஓல்டு டவுனுக்கு அந்தாண்ட, கடலோரத்துல ஒரு பொண்ணுங்க பள்ளிக்கூடம். பேரு வேணாம். எட்டாவது வரைக்கும் உண்டு. பாதிப் புள்ளைங்க டவுன், பாதி மீனவர் குப்பம். அறுபதுகளோட ஆரம்பம் அது. மத்தியானச் சாப்பாடு போட்டாங்க. காலை இன்டர்வெல்லுக்கு அமெரிக்கா பால் பவுடர்ல பால்.

அந்தப் பாலைக் கலக்கறது ஒரு தனி வேலை. பவுடரை நேரா வெந்நீர்ல கொட்டினா கட்டி தட்டிப் போயிடும். முதல்ல பச்சத் தண்ணியில தோசை மாவு பதத்துக்குக் கரைச்சுக்கணும். அப்புறம் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, மத்தால கடையணும். மெல்லிசு துணியில வடிகட்டணும். சக்கரை கொஞ்சம். என்ன பண்ணாலும் ஒரு மக்கின வாடை இருக்கும், அது போவாது. டிரில் டீச்சர்னா உடம்பு சம்பந்தப்பட்டது எல்லாம் அவ தலையிலதானே? நகம் வெட்டறது, பேன் பாக்கறது, பால் கலக்கறது, எல்லாம் நான்தான்.

பெரிய டீச்சர் பேரு சௌந்தரம் அம்மா. சிதம்பரத்துலேருந்து தினம் பாசஞ்சர்ல வருவாங்க, சாயங்காலம் பாசஞ்சர்ல போவாங்க. வெயிலோ, மழையோ, வராண்டா நிழலோ, மடக்கின குடையை ஒரு கையில பிடிச்சுகிட்டுத்தான் நிப்பாங்க. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. கோவம் ஜாஸ்தியாக ஆக, குரல் இன்னும் கம்மியாயிடும். திட்டு வாங்கறதுக்கே நாம பக்கத்துல போயி காது குடுக்கணும். இருபத்தஞ்சு வருஷ சர்வீசுல எத்தினியோ தலைமை ஆசிரியருங்களைப் பாத்துட்டேன், இந்த மாதிரி ஒரு தொல்லை பிடிச்ச கோவத்தைப் பாக்கல.

பால் நேரத்துல அவுங்க பழக்கம் ஒண்ணு. அண்டாவுலேருந்து ஒரு கரண்டி எடுத்து முதல்ல அவுங்க குடிப்பாங்க. மூஞ்சி சுளிக்க மாட்டாங்க. அப்புறம் தலையை ஆட்டுவாங்க, நான் விசில் ஊதணும். புள்ளைங்க குடிச்சு முடிச்சு, காலி தம்ளரைத் தலையில கவுத்துக்கிட்டு நிக்கணும். ஒரு சொட்டு தலையில விழுந்தா மாட்டிகிட்டா. அது முடிஞ்ச உடனே என் டிரில் பீரியடு.

முதல்ல மைதானத்தைச் சுத்தி ரெண்டு ரவுண்டு ஓட்டம், கூடவே ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ன்னு எண்ணணும். டவுன் பொண்ணுங்க கத்தும். முதல் ரவுண்டுல குப்பத்துப் பொண்ணுங்க வாயே தொறக்காது. கடலோரத்துல வளந்ததுங்க, பத்துப் பேரு பேசினா பாய்மரத்துப் பாயே கிழியும், அதுங்க எண்ண மாட்டேங்குதேன்னு எனக்கு ஒரே கொடைச்சல். ரெண்டாவது ரவுண்டுல பாத்தா எல்லாரையும் விட அதுங்க சத்தம்தான் பெருசு! கூச்சம்னு நெனச்சேன். திமிருன்னு நெனச்சேன். மனசு கேக்கல. ஒரு நாள் விசிலை ஊதிட்டு, நேரா மைதானத்தோட கோடியில சப்பாத்திக் கள்ளி வேலியாண்ட போயி நின்னுகிட்டேன்.

முதல்ல வந்தவ அஞ்சலை. ஏழாவது படிக்கிறா. ஓட்டத்துல அவளை மிஞ்ச அந்த ஜில்லாவுலயே ஆளு இருக்காதுன்னு நான் நெனச்சுகிட்டிருந்த பொண்ணு. என்னைப் பாத்ததும் பிரேக் போட்டு நின்னா. கன்னம் ரெண்டும் உப்பியிருக்கு. அவ பின்னாடி வந்ததுங்களும் ஒண்ணு மேல ஒண்ணு மோதி நின்னுச்சுங்க, எல்லாத்துக்கும் கன்னம் உப்பல். துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல, கண்ணு மட்டும் உருளுது. “வாயைத் தொறடி”ன்னேன். அவ மெதுவா திரும்பி, வேலிக்கு அந்தாண்ட துப்பினா. தலைவியே துப்பிட்டான்ன உடனே அத்தினியும் துப்புச்சுங்க. மணல்ல பாலு பாலா கெடக்குது. எனக்கு முதல்ல சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம்தான் கோவம் வந்துச்சு.

“ஏன்டி, உங்களுக்குப் பால் கடைஞ்சே என் தோளு எறங்குது. எதுக்குடி துப்பறீங்க?”

“காலையில பழையதும் மீன் கொழம்பும் துன்னுட்டு வந்தோம் டீச்சர்.”

“அதுக்கு?”

“மீன் துன்ன வயித்துல பால் குடிச்சா வெண்குஷ்டம் வந்துடுமே. அப்புறம் எவன் கட்டுவான்?” அஞ்சலை என்னை ஒரு மாதிரி பாத்தா. “உங்க அம்மா உங்களுக்குச் சொல்லலியா டீச்சர்?”

சொல்லியிருந்துச்சு. அதுதான் வம்பே. எங்க வூட்டுல ஏரி மீன் ஆக்கற அன்னிக்கு எங்கம்மா பால் சொம்பை எடுத்து உறியில வெச்சுடும். டிரெயினிங்ல படிச்ச புரோட்டீன் ஒரு பக்கம் இழுக்குது, எங்கம்மா ஒரு பக்கம் இழுக்குது. அந்த வேலியாண்ட நின்னுகிட்டு, அப்பிடியெல்லாம் ஒண்ணும் வராதுடின்னு சொன்னேன். என் குரல் எனக்கே நம்பற மாதிரி இல்ல.

புள்ளைங்களைக் காட்டிக் குடுக்கல. பெரிய டீச்சர்கிட்ட போயி, பாலைச் சாயங்காலம் குடுத்தா என்னங்க, மத்தியானம் நம்ம சாப்பாட்டுல மீன் இல்ல, அதுக்குள்ள காலையில தின்னது செரிச்சுடும், மனசும் கேட்டுக்கும்னேன். அவுங்க குரலைக் கம்மி பண்ணாங்க. நான் கிட்டப் போனேன். “ஆர்டர்ல காலைன்னு இருக்கு, தனபாக்கியம்.” அவ்ளோதான். குடையை இந்தக் கையிலேருந்து அந்தக் கைக்கு மாத்திகிட்டாங்க. பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

இப்பிடியே போயிருக்கும். அஞ்சலை கன்னத்துல ஒரு வெள்ளைத் திட்டு வந்துச்சு பாருங்க, அங்கதான் எல்லாம் குட்டிச்செவுரு ஆச்சு. காலணா அகலம் இருக்கும். ஒரு நாள் அவ வரல. மறுநாளும் வரல. மூணாவது நாள் அவ அம்மா பூங்காவனம் அவளை இழுத்துகிட்டு வந்தா. மீன் கூடையைக் கேட்டுலயே எறக்கி வெச்சுட்டு, தலைவிரி கோலமா உள்ள வந்தா. கூடவே குப்பத்துக்குப் பஞ்சாயத்து பண்ற நாட்டாருங்க ரெண்டு பேரு, இன்னும் ஏழெட்டு பொம்பளைங்க.

“எம் பொண்ணு மூஞ்சிய பாழாக்கிட்டீங்களேடி பாவிங்களா! கண்ணுக்குள்ள வெச்சு வளத்தேனே! இனி எவன் தொடுவான் அவளை?” மாரு மாரா அடிச்சுக்கறா. அஞ்சலை அவ பின்னாடி, தாவணியால கன்னத்தை மூடிகிட்டு நிக்கறா.

நாட்டாருல பெரியவரு மரியாதையாத்தான் பேசினாரு. “தோ பாருங்கம்மா, எங்க புள்ளைங்களுக்கு பாலும் வாணாம், பள்ளிக்கூடமும் வாணாம். நாளையிலேருந்து ஒண்ணும் வராது. இந்தப் பொண்ணைத் தாய்மாமனுக்குக் கட்டிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். புள்ளி பரவறதுக்குள்ள முடிச்சுடணும்.”

ஏழாவது படிக்கிற குழந்தை! எனக்கு உடம்பெல்லாம் பத்திகிச்சு. அவ ஒரு சொட்டு முழுங்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா சொன்னா, பெரிய டீச்சர் அத்தினி புள்ளைங்களையும் என்ன பண்ணுவாங்களோ. அஞ்சலையும் அதை நெனச்சுதான் வாயைத் தொறக்காம நின்னா. நான் அவளைப் பாக்கறேன், அவ தரையைப் பாக்கறா.

நாட்டாரு திரும்பி நடக்க ஆரம்பிச்சாரு. அப்பதான் அவ தாவணியை எடுத்தா. “நான் பாலே குடிக்கல.” எல்லாரும் திரும்பினாங்க. “என்னிக்குமே முழுங்கல. வாயில வெச்சிருந்து வேலியாண்ட துப்பிடுவேன். நாங்க எல்லாருமே துப்பிடுவோம்.”

 பெரிய டீச்சர் ஏதோ சொன்னாங்க, யார் காதுலயும் விழல. அப்ப கூட்டத்துக்குப் பின்னாடி ஒரு விசும்பல். பாத்தா, வள்ளி. மீன் ஏலம் எடுக்கறவரோட பொண்ணு, நல்லா கொழுகொழுன்னு இருப்பா, மூஞ்சி எண்ணெ தடவின மாதிரி மின்னும். “நான் துப்பல. எனக்கு அது புடிக்கும். என்னுதையும் குடிச்சேன், பக்கத்துல நிக்கற இந்துராணிதையும் குடிச்சேன். தினமும் மீனும் துன்னேன். நான் சாவப் போறேனா?”

அவ அம்மாவும் அந்தக் கூட்டத்துலதான் இருந்தா. “அடி பாதகத்தி, எத்தினி நாளாடி?”ன்னு பாஞ்சு வந்து, பொண்ணைப் புடிச்சு நிறுத்தி, கன்னம், கழுத்து, காதுக்குப் பின்னாடின்னு ஒரு இடம் விடாம பாத்தா. ஏழெட்டு பொம்பளைங்களும் சேந்து பாத்தாங்க. நாட்டாரே குனிஞ்சு பாத்தாரு. ஒரு புள்ளி இல்ல. பெரியவரு தொண்டையைக் கனைச்சுகிட்டு, “இவ உடம்பு வாகு அப்பிடி”ன்னாரு. ஆனா குரலு இறங்கிடுச்சு.

அன்னிக்கு எல்லாரும் போன பிறகு நான் பயந்துகிட்டேதான் பெரிய டீச்சர் கிட்டப் போயி காது குடுத்தேன். “உனக்குத் தெரியுமா, தனபாக்கியம்?” தெரியுங்கன்னேன். குடை முனையால தரையில ஒரு கோடு போட்டாங்க. அப்புறம், “நாளையிலேருந்து பால் சாயங்காலம்”ன்னாங்க. ஆர்டர்ல காலைன்னு இருக்குங்களேன்னு வாய் சும்மா இல்லாம கேட்டுட்டேன். “ஆர்டர் போட்டவரு மீன் சாப்பிடாதவரு போல இருக்கு”ன்னாங்க. சாயங்காலப் பால்னால அவுங்க வழக்கமா போற பாசஞ்சர் தவறிப் போவும். அடுத்த வண்டிக்கு ஸ்டேஷன்ல காத்துகிட்டு கெடப்பாங்க. அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

குப்பத்துப் புள்ளைங்க திரும்ப வந்துச்சுங்க. அஞ்சலை மட்டும் வரல.

நான் சும்மா இருப்பனா? பூங்காவனத்தைப் பேசிப் பேசி, அவளையும் பொண்ணையும் கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துகிட்டு போனேன். டாக்டரு ஊசி முனையால அந்தத் திட்டைக் குத்திப் பாத்தாரு, கண்ணு இமையை இழுத்துப் பாத்தாரு. இது வெண்குஷ்டம் இல்ல, தேமல். வயித்துல பூச்சி, உடம்புல சத்து இல்ல. மருந்து குடுக்கறேன், கொஞ்ச நாள்ல போயிடும், நல்லா பால் குடிக்கச் சொல்லுங்கன்னாரு. பூங்காவனம் வெளிய வந்து ஆஸ்பத்திரி மரத்தடியில நின்னா.

“டாக்டரு சொல்றது நெசமாவே இருக்கட்டும் டீச்சரு. ஊரு கண்ணு டாக்டரு கண்ணா? இன்னிக்கு ஒருத்தி பாத்தா, நாளைக்கு பத்துப் பேருக்குச் சொல்லுவா. தேமல் போற வரைக்கும் ஊரு பேச்சு காத்துகிட்டிருக்குமா? எந் தம்பி ஒத்துகினு இருக்கான். அவனும் மனசு மாறிட்டா நான் எங்க போவேன்?”

அவ அழுவல. அதுதான் எனக்குத் தாங்கல. அவ சொன்னதுல ஒரு எழுத்தைக் கூட நான் தள்ள முடியல. ஆனா அந்தக் குழந்தை கழுத்துல தாலியா?  ரூமுக்குள்ள இப்பிடித்தான் நடந்துகிட்டே கெடந்தேன்.

ரெண்டு நாள் கழிச்சு, பள்ளிக்கூடம் விட்டு நான் வெளிய வர்றேன், கேட்டாண்ட ஒரு ஆளு நிக்கறான். இருபது வயசு இருக்கும். தலைப்பாவைக் கழட்டிக் கையில வெச்சிருக்கான். “நான் ஏழுமலைங்க. அஞ்சலை மாமன்.” கட்டிக்கப் போறவன்! வாய்யா வான்னு நான் வரிஞ்சு கட்டிகிட்டு ஆரம்பிச்சேன். ஒரு குழந்தையைக் கட்டிக்க உனக்கு வெக்கமா இல்லியான்னேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன். அவன் எல்லாத்தையும் கேட்டுகிட்டான். அப்புறம் கேட்டான்:

“கட்டிக்க மாட்டேன்னு நான் சொன்னா, புள்ளியைப் பாத்து சொந்த மாமனே ஓடிட்டான்னு ஊரு சொல்லும். அப்புறம் அவளுக்கு என்னிக்குமே அந்தப் பேரு போவாது. கட்டிக்கிறேன்னு சொன்னா, அவ படிப்பு போச்சு, நீங்க சொல்றாப்பல குழந்தை வேற. நான் இன்னா செய்யட்டும் டீச்சரு? அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

 இத்தினி பேச்சு பேசினேனே, பதில்னு ஒண்ணு இல்ல எங்கிட்ட. அவன் தலைப்பாவைக் கட்டிகிட்டு போயிட்டான்.

அவனே ஒரு வழி பண்ணான். ஊரு கூடின எடத்துல எழுந்து, “எங்கக்கா பொண்ணை நான்தான் கட்டுவேன், இன்னிக்கே பரிசம் போடறேன், எந்தப் புள்ளியும் என்னை ஒண்ணும் பண்ணாது. ஆனா கல்யாணம், அவ எட்டாவது பாஸ் பண்ணப்புறம்தான்”னு சொல்லிட்டான். பரிசம் போட்டாச்சுன்னா அது பாதி கல்யாணம். பொண்ணு பேசப்பட்டவ. ஊரு வாயி மூடிகிச்சு. பூங்காவனத்துக்கும் அதுக்கு மேல என்ன வேணும்? எல்லாரும் அவனை ஆம்பளைன்னா இவன்தான்டான்னாங்க. நானும்தான் சொன்னேன்.

அஞ்சலை திரும்ப வந்தா. சாயங்காலம் முதல் ஆளா தம்ளரோட நிப்பா, மூக்கைப் புடிச்சுகிட்டு குடிச்சுடுவா. மூணு மாசத்துல கன்னத்துல தேமல் இருந்த எடமே தெரியல. அடுத்த வருஷம் அண்ணாமலை நகர் மைதானத்துல பள்ளிக்கூடங்களுக்கு ஓட்டப் பந்தயம் வெச்சாங்க. பாவாடையை இழுத்துச் செருகிகிட்டு ஓடினா பாருங்க, ரெண்டாவதா வந்தவ எங்க இருக்கான்னு தேட வேண்டியிருந்துச்சு. பெரிய டீச்சர் கூட குடையைக் கீழ போட்டுட்டு கை தட்டினாங்க.

எட்டாவது பரிச்சை முடிஞ்சு ரிசல்ட்டும் வந்துச்சு. அஞ்சலை பாஸ். மிட்டாயோட வந்தவ, குடுத்துட்டு போவாம நின்னா.

“ஒம்பதாவது சேரணும் டீச்சர். பதினொண்ணு வரைக்கும் படிக்கணும். அப்புறம் டிரெயினிங் போயி, உங்க மாதிரி விசில் ஊதணும்.”

“நல்லதுதானேடி, சேரு.”

“மாமாகிட்ட யாரு சொல்றது?” கண்ணு கலங்கிடுச்சு அவளுக்கு. “எனக்காக ஊரு நடுவுல நின்னுச்சு. காத்துகிட்டும் இருந்துச்சு. திரும்பவும் காத்துகினு இருன்னா அது நாயமா? அது கெட்டதா இருந்தா சண்டை போட்டுட்டுப் போயிடுவேன் டீச்சர். நல்லதா இருந்து தொலைக்குதே.”

அதைக் கேட்டப்ப வந்த ஆத்திரம் இன்னிக்கும் எனக்குத் தீரல. கோவிச்சுக்க ஒரு ஆளு வேணாமா? பூங்காவனத்தைக் கோவிச்சுக்கலாம்னா அவ பயம் நெசம். நாட்டாரைக் கோவிச்சுக்கலாம்னா அவரு அப்பவே ஒதுங்கிட்டாரு. இந்தப் பையனையா கோவிச்சுக்கறது? நல்லது பண்ணான் பாருங்க, அந்த நல்லதே அவ காலை இறுக்கிப் பிடிச்சுகிட்டு நிக்குது. நான் போயி கேக்கறேன்டின்னு சொல்லிட்டு, அந்த உச்சி வெயில்ல, செருப்புல மணலு கொதிக்க, குப்பத்துக்கு நடந்தேன்.

ஏழுமலை கட்டுமரத்து நிழல்ல உட்கார்ந்து வலை தைச்சுகிட்டிருந்தான். என்னைத் தூரத்துலயே பாத்துட்டான். எழுந்து நின்னான். நான் வழியெல்லாம் பேச்சைக் கோத்து வெச்சிருந்தேன், படிப்போட அருமை பெருமை, அது, இது. ஒண்ணையும் ஆரம்பிக்க விடல அவன்.

“இன்னும் எத்தினி வருஷம் டீச்சரு?”

“மூணு”ன்னேன். டிரெயினிங் ரெண்டு வருஷத்தைச் சொல்லல. ஒரே அடியா சொன்னா மலைச்சுடுவான், முதல்ல இதுக்கு சரின்னு சொல்லட்டும்னு ஒரு கணக்கு எனக்கு.

அவன் திரும்ப உட்கார்ந்துகிட்டான். வலையைத் தூக்கி ஒரு கிழிசலை வெளிச்சத்துல பாத்தான். “அஞ்சு வருஷம்னு அவ எங்கக்கா வூட்டு வாசல்ல ஒக்காந்து வெரலு மடக்கிகினு இருந்தா. பள்ளிக்கூடம் மூணு, டிரெயினிங் ரெண்டுன்னு. என் காதுல வுழுந்துச்சு. ஒரு மாசமா அவ வந்து கேப்பா, கேப்பான்னு இருக்கேன். அவ கேக்கல. நீங்க வந்து மூணுன்றீங்க. எங்கிட்ட நெசத்தைச் சொல்ல உங்களுக்கெல்லாம் ஏன் டீச்சரு இத்தினி பயம்? நான் என்னிக்காவது அவகிட்ட மாட்டேன்னு சொல்லியிருக்கேனா?”

 கடலைப் பாத்தேன். அவன் பதிலுக்காக என் மூஞ்சியையே பாத்துகிட்டிருந்தான்.

“அஞ்சு”ன்னேன்.

“சரி”ன்னுட்டு ஊசியில நூலைக் கோத்தான்.